கட்டிலுக்குக் கீழே ஒளித்த பாண்

போன மாசம் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு லண்டனில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் எடுத்தால் மாமிக்கு ஏதோ என்றுதான் நெஞ்சு அடிக்கும். அதில்லை. "அவன் பாணைக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறான்கா. பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. ஏசவும் ஏலாம இருக்கு, விடவும் ஏலாம இருக்கு" என்றாள்.

அவன் என்றது சூடானில் இருந்து தனியாக வந்த 16 வயதுப் பையன். லிபியா, கடல், பிறகு பிரான்சின் கலே கரையில் கூடாரம், பிறகு இன்னொரு கடல். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பிள்ளை தாய் தகப்பன் யாருமில்லாமல் வந்து இறங்கினால், அந்தப் பகுதி உள்ளூராட்சி சபைதான் பொறுப்பெடுக்க வேண்டும், 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அப்படிச் சொல்கிறது. சபை அந்தப் பிள்ளையை ஒரு வீட்டில் விடும். மச்சாளின் வீடு அப்படிப் பதிந்த வீடு. ஏன் பதிந்தாள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1990 இல் அவளுடைய அண்ணனை, அதே 16 வயதில், ஏஜென்சிக்காரனிடம் காசைக் கட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார் மாமா. யுத்தம் நடந்த அந்த வருசம் இலங்கையின் கிழக்கில் பெடியன்களை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணன் எழுதிய எல்லாக் கடிதத்திலும் "நான் நலம்" என்றுதான் இருக்கும். பதினைந்து வருசம் கழித்து ஒருநாள் இவளிடம் சொன்னாராம், அங்கே பிள்ளைகள் விடுதியில் சமைத்த ஒரு மனிசி எனக்கென்று சோறு எடுத்து வைப்பா, அவ இல்லாட்டி நான் என்னவாகியிருப்பன் தெரியாது என்று. அந்த ஒரு வசனம்தான் மச்சாளை இந்த வேலைக்கு இழுத்தது.

ஏன் என்னிடம் கேட்கிறாள் என்றால், நான் சுனாமி முகாம்களில் பிள்ளைகளோடு வேலை செய்தவள் என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் எனக்கு உண்டு. அந்தப் பெயர் அவ்வளவு நல்ல பெயர் இல்லை, சொல்கிறேன்.

2005 தை மாசம். எனக்கு 22 வயது. மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து சைக்கிளில் கல்லடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போவேன். நாவலடிக் கடற்கரைக் கிராமத்தை முழுக்க அலை அடித்துக்கொண்டு போக, மிஞ்சின சனம் அங்கே இருந்தது. ஒரு வெளியூர் நிறுவனம் எங்களைப் போல ஓ.எல்., ஏ.எல். முடித்த பிள்ளைகளைப் பிடித்து இரண்டு நாள் வகுப்பு எடுத்து, கையில் ஒரு படிவத்தைத் தந்து அனுப்பியது. நாற்பது சொச்சம் கேள்விகள். இறந்த உடல்களைப் பார்த்தாயா, எத்தனை, அவர்களில் உனக்குத் தெரிந்தவர்கள் உண்டா, அதைப் பற்றிக் கனவு வருகிறதா. நான் அதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டேன். கேட்டு, கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன். ஒரு பிள்ளை அழுதால் தண்ணி கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

அங்கே ஒரு பையன் இருந்தான். தாய், தகப்பன், இரண்டு தங்கச்சிமார், எல்லாரும் ஒரே காலையில் போய்விட்டார்கள். எங்களுக்கு முன்னால் வேறு நிறுவனங்கள் வந்திருந்தன, எங்களுக்குப் பிறகும் வந்தன. வருகிற எல்லாரும் பெட்டிப் பெட்டியாகக் கலர் பென்சில் கொண்டுவருவார்கள், தாளைக் கொடுத்து மனதில் உள்ளதைக் கீறச் சொல்வார்கள். ஒருநாள் நான் தாளை நீட்டினேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு, "இண்டைக்கும் அலையா கீறுற, அக்கா?" என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சடசடவென்று அலை, தென்னை, கவிழ்ந்த தோணி, தலைகீழாக இரண்டு மனிசர், எல்லாம் கீறி மூன்று நிமிசத்தில் தந்துவிட்டுப் பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான். எத்தனையாவது அலை அது என்று எனக்குத் தெரியாது. அலைக்குப் பிஸ்கட் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்படி வருகிற மனநல உதவிக்கு நிறுவனங்கள் வைத்த பெயர் "உளசமூகம்", அந்தச் சொல்லே அந்த வருசம் எங்கள் ஊரில் பகிடிச் சொல்லாகிவிட்டது. ஜீப் வந்தால் "உளசமூகம் வருது" என்பார்கள்.

சரி, இதெல்லாம் பிழை என்று உலகமும் பிறகு ஒத்துக்கொண்டதுதான். 2007 இல் ஐ.நா. அமைப்புகளும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து அனர்த்த நேரத்து மனநல உதவிக்கு ஒரு வழிகாட்டி போட்டார்கள். அதில் ஒரு கூம்பு வரும். அடித்தட்டில் சாப்பாடு, தண்ணி, இருக்க இடம், பயமில்லாமல் இருத்தல். அதற்கு மேல் குடும்பமும் ஊரும். அதற்கு மேல் பயிற்சி பெற்ற ஆட்கள் கொடுக்கிற நேரடித் துணை. உச்சியில் மட்டும்தான் மனநல வைத்தியர், அதுவும் கொஞ்சப் பேருக்கு. நாங்கள் கூம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உச்சியில் இருந்து தொடங்கியிருக்கிறோம். 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் இன்னும் பச்சையாகச் சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதே. அவர்களாகச் சொன்னால் கேள், சொல்லாவிட்டால் பக்கத்தில் இரு.

இதை வைத்து, கதை சொல்வதே கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வடகிழக்கிலேயே சுனாமிக்குப் பிறகு 31 பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. பயிற்சி எடுத்த உள்ளூர் ஆட்களே ஆறு அமர்வு செய்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பிறந்த நாளில் இருந்து வரிசையாகச் சொல்லிக் கோர்த்தார்கள், மற்றப் பகுதிக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்துகிற பயிற்சியும். இரண்டு பகுதியுமே ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. அந்த ஆறு அமர்விலும் வந்தது உள்ளூர் ஆள், தொடங்கிய கதை நடுவில் அறுக்கப்படவில்லை. நான் செய்தது வேறு. புள்ளடி போட்டுவிட்டு அடுத்த முகாமுக்குப் போனேன்.

இதை நல்லபடியாகச் செய்தவர்களும் எங்கள் ஊரில்தான் இருந்தார்கள், அதுவும் சுனாமிக்கு எட்டு வருசம் முன்னமே. மட்டக்களப்பில் 1996 இல் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாவில் இருந்து வந்த கலைஞர் போல் ஹோகனும் எங்கள் யேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். யுத்தத்தில் அடிபட்ட கிராமங்களில் இருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், மண்ணில் விளையாட, கீற, கதை கட்ட, கூத்தாட. உனக்கு என்ன நடந்தது என்ற கேள்வியோடு யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள். பிள்ளைக்கு வேண்டும் என்றால் அது களிமண்ணில் வரும், இல்லாவிட்டால் ஒரு நாயின் கதையாக வரும், வராமலும் போகும். எனக்கு அந்தப் பூங்கா பற்றிச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் 2005 இல் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போனேன் பாருங்கள்.

பாண் விசயத்துக்கு வருகிறேன். நான் மச்சாளிடம் சொன்னது, பாணை எடுத்து எறியாதே, ஒரு பேணி வாங்கிக் கொடு. மூடி போட்ட பெரிய பிஸ்கட் பேணி. அதில் பழுதாகாத சாமான் போட்டு, இது உன்னுடையது, குறைந்தால் நான் நிரப்புவேன், கேட்க வேண்டியதில்லை என்று சொல். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கல்லடி முகாமில் ஒரு கிழவி செய்தது. அவ அந்தப் பையனுக்குச் சொந்தமும் இல்லை. அவன் பிட்டை லஞ்ச்சீட்டில் சுற்றிப் பாய்க்குக் கீழே வைத்து எறும்பு வந்தபோது, மற்றவர்கள் ஏச, அவ மட்டும் ஒரு பழைய பால்மாப் பேணியைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தா, "இதுக்குள்ள வை மனே, எறும்பு வராது" என்று. ஏன் ஒளிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. பசியோடு வழியில் கிடந்த பிள்ளை நாளைக்கும் சாப்பாடு வரும் என்று நம்ப மாசக்கணக்காகும், சில பிள்ளைக்கு வருசமும் ஆகும். அது களவும் இல்லை, நோயும் இல்லை.

அப்புறம் நித்திரை. பையன் விடியும்வரை முழித்திருந்து பகலில் தூங்குகிறான், பள்ளிக்கூடத்தில் முறைப்பாடு. இப்படி வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதே சிக்கல்தான். பயணம் முழுக்க நடப்பதும் லொறியில் ஏறுவதும் இரவில், பகலில் பதுங்கித் தூங்குவது. உடம்பு அந்த நேரத்தையே பழகிவிட்டது. கலேயில் ராத்திரி அயர்ந்து தூங்கினால் சப்பாத்துப் போய்விடும், சிலவேளை அதைவிடப் பெரிய ஆபத்தும் வரும். அவனிடம் போய் "பயப்படாமல் படு" என்றால் எப்படிப் படுப்பான்? சின்ன லைட், உள்ளே இருந்து பூட்டக்கூடிய கதவு, காலையில் வெயிலில் கொஞ்சம் நடை, அதே நேரத்துக்குத் தேத்தண்ணி. மெதுவாகத் திரும்பும்.

இன்னொன்று அவளாகவே கண்டுபிடித்தாள், அதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. பையன் மேசையில் சாப்பிடவே மாட்டானாம். கோப்பையில் போட்டு வைத்தால் இரண்டு வாய், பிறகு அறைக்குப் போய்விடுவான். ஒருநாள் ராவு நித்திரையில் அவன் "யும்மா, யும்மா" என்று புலம்புவது கேட்டிருக்கிறது. சூடான்காரர் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஆரையம்பதியில் பிறந்து, வேலிக்கு அங்கால் முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் உம்மாமார் குரல் கேட்டு வளர்ந்தவளுக்கு அது விளங்காமல் இருக்குமா? அதோடு காத்தான்குடிக் கல்யாணச் சாப்பாடும் ஞாபகம் வந்திருக்கிறது, அந்தச் சஹன் சாப்பாடு, ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து ஒன்றாகக் கைவைக்கிறது. (எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் நடந்ததெல்லாம் நடந்தாலும் அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு நாங்கள் போகாமல் இருந்ததில்லை.) அடுத்த நாள் பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் கொட்டி, நடுவில் கோழிக்கறியை ஊற்றி, நிலத்தில் சீலை விரித்து, அவளும் புருசனும் சின்னவளும் சுற்றி இருந்துவிட்டார்கள். பையன் வாசலில் நின்று பார்த்தானாம். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தானாம். சூடானிலும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். தனித் தட்டு அவனுக்கு, உன்னோடு யாருமில்லை என்று ஒவ்வொரு நேரமும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது போல.

ஐ.நா. கணக்கில் "துணையற்ற பிள்ளை" என்றால் தாய் தகப்பனும் இல்லை, வேறு உறவினரும் இல்லை, சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்பான பெரியவர் யாருமே கூட இல்லை என்று அர்த்தம். பெரியம்மாவோடு இருந்தால் அது வேறு வகை, "பிரிந்த பிள்ளை" என்பார்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கோட்டைப் போடுவது கஷ்டம். தாயின் அக்காவும் அம்மா, தங்கச்சியும் அம்மா, சொல்லிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும், அதனால் அக்கா தங்கச்சிமார் பக்கத்துப் பக்கத்து வளவில்தான் இருப்பார்கள். ஒரு தாய் போனால் இன்னும் இரண்டு மூன்று தாய் வேலிக்கு அங்கால் இருப்பார்கள். சுனாமியில் அனாதையான பிள்ளைகளில் பெரும்பாலானோரைச் சொந்தக்காரரே எடுத்து வளர்த்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் அதே வழக்கம்தான் நாவலடி போன்ற இடத்தில் காலை வாரியது. எல்லா அம்மாவும் ஒரே கரையில், ஒரே வரிசையில் இருந்தார்கள், ஒரே அலையில் போனார்கள். என் நீலப் பென்சில் பையனுக்கு அதுதான் நடந்தது.

இரண்டாம் உலக யுத்த நேரத்தில் லண்டனில் பிள்ளைகளின் மனதை ஆராய்ந்த அனா பிராய்ட்டும் டொரதி பேர்லிங்கமும் யுத்தக் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். குண்டு விழுகிற இடத்தில் தாயோடு இருந்த பிள்ளையைவிட, பாதுகாப்பான இடத்துக்குத் தாயில்லாமல் அனுப்பப்பட்ட பிள்ளை கூடுதலாகக் குலைந்து போனதை அவர்கள் கண்டார்கள். பிள்ளைகள் எல்லாரையும் எல்லாரும் பார்ப்பது என்பதை விட்டுவிட்டு, நாலைந்து பிள்ளைக்கு ஒரே ஆள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். உடனே சண்டை, பொறாமை, "என் ஆள், உன் ஆள்" என்று ஒரே களேபரம். ஆனால் அதுக்குப் பிறகுதான் பிள்ளைகள் வளரத் தொடங்கினார்களாம். யுத்தம் முடிந்து 1945 இல் நாசிகளின் தெரெசின் முகாமில் இருந்து தாய் தகப்பனை இழந்த ஆறு குழந்தைகள், எல்லாருக்கும் மூன்று வயதளவு, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரியவர்கள் யாரையும் அவர்கள் அண்டவில்லை, ஆளுக்கு ஆள் மட்டும் விடவே மாட்டார்கள். ஒருவருக்கு ஏதும் கொடுத்தால் மற்றவர்களுக்கும் கிடைத்ததா என்று பார்ப்பார்கள். முதல் ஒரு வருசம் அந்த ஆறு பேரையும் பிரிக்காமல் ஒரே வீட்டில் ஒன்றாகவே வைத்துப் பார்த்தார்கள்.

இதை நான் மச்சாளுக்குச் சொன்னதற்குக் காரணம், பையனோடு கலேயில் இருந்து ஒரே வள்ளத்தில் வந்த இன்னொருத்தனை வேறு நகரத்தில் விட்டிருக்கிறார்கள். காகிதத்தில் அவன் உறவில்லை. இவனுக்கு அவன்தான் ஊர், அவன்தான் குடும்பம். மாசத்தில் இரண்டு தரமாவது அவனைக் கூப்பிட்டு வீட்டில் நிற்கவிடச் சொல்லி மச்சாள் இப்போது சமூக சேவை உத்தியோகத்தரோடு மல்லுக்கட்டுகிறாள்.

ஆகக் கஷ்டமானது தாயைப் பற்றிய பேச்சு. எங்கள் முகாமில் ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு, அம்மா சவுதிக்குப் போயிருக்கிறா என்று சொல்லி வைத்திருந்தார்கள். நம்பக்கூடிய பொய். எங்கள் மாவட்டத்தில் நிறையப் பிள்ளைகளின் அம்மாமார் உண்மையாகவே வீட்டு வேலைக்குப் போனவர்கள்தானே. ஆனால் மற்ற அம்மாமார் கோல் எடுப்பார்கள், பெருநாளைக்குச் சாமான் பெட்டி வரும். இந்தப் பிள்ளை ஒவ்வொரு கோலுக்கும் ஓடிப்போய் நிற்கும். ஒரு வருசம் கழித்து அதுவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது என்று. செத்துப்போனா என்று சொல்லியிருந்தால் அழுதிருக்கும். இது அதைவிட மோசம்.

சூடான் பையனுக்கோ யாருக்கும் தெரியாது. தாய்க்கு அனுப்பிய மெசேஜில் ஒற்றை டிக்தான் நிற்கிறது, ஐந்து மாசமாக. அவன் அதைத் திறந்து திறந்து பார்க்கிறான். இருக்கிறா என்று சொல்லவும் ஏலாது, இல்லை என்று சொல்லவும் ஏலாது. காணாமல் போனவர்களின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இருக்கிற அம்மாமாரை வருசக்கணக்காகப் பார்க்கிற ஊர்க்காரருக்கு அது என்ன நிலை என்று சொல்லித்தரத் தேவையில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பம் தேடும் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி, "எனக்கும் தெரியாது, உன்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்று சொல்வதைவிட நேர்மையான வசனம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு இன்னொரு கொடுமை இருக்கிறது. நான் கதையைப் பிடுங்காதே என்கிறேன், ஆனால் அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கதை வேண்டும். தேதி, இடம், யார் அடித்தது, எத்தனை பேர். ஒரு தரம் சொன்னதும் மறு தரம் சொன்னதும் பொருந்தாவிட்டால் சந்தேகம். அடிபட்ட ஞாபகம் அப்படி வரிசையாக வருமா? பத்து வயதுப் பையன் அலையை ஒவ்வொரு தாளிலும் ஒரே மாதிரிக் கீறினான் என்றால், அவன் பொருந்தச் சொல்லப் பழகிவிட்டான் என்றுதான் நான் நினைப்பேன். சில பையன்களின் வயதையே நம்பாமல் கேள்வி கேட்டு மதிப்பிடுவார்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்தாலும் தாய் தகப்பனைக் கூப்பிட அந்த நாட்டு விதியில் பிள்ளைக்கு உரிமை இல்லை. 18 ஆனதும் வீடு மாற வேண்டிவரலாம். இத்தனைக்கும் நடுவில் எந்தக் கவுன்சிலிங் கொடுத்து என்ன? அதனால் மச்சாளிடம் சொன்னேன், வக்கீலுக்கும் அதிகாரிக்கும் சொல்கிற இடம் வேறாக இருக்கட்டும், உன் வீடு யாரும் ஒன்றும் கேட்காத இடமாக இருக்கட்டும். நேர்முகத்துக்குப் போகிற நாளுக்கு முதல்நாளே என்ன நடக்கும் என்று சொல்லிவை, வந்த பிறகு என்ன கேட்டார்கள் என்று கேட்காதே, சோறு போடு. ஆனால் கையைக் காலை வெட்டிக்கொள்கிறான், சாப்பாட்டை முற்றாக விடுகிறான், சாகப்போறன் என்கிறான் என்றால் பேணியும் சஹனும் போதாது, அன்றைக்கே வைத்தியரிடம். இங்கே இலங்கையில் வாசிக்கிறவர்களுக்கும் அதேதான், மனநலத்துக்கு 1926, பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் 1929.

அகதிப் பிள்ளை என்றால் லண்டன் கதை என்று நினைக்கிறவர்களுக்கு: 2024 மார்கழியில் முள்ளிவாய்க்காலுக்கு நேரே கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யாச் சனத்தோடு ஒரு படகு தத்தளித்தது, திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். கிழக்குக் கடல் யாரையும் கொண்டுவந்து விடும்.

அந்த நீலப் பென்சில் பையனை இரண்டு வருசம் முன்னம் கல்லடிப் பாலத்தடியில் கண்டேன். ஓட்டோ வைத்திருக்கிறான், ஒரு மகள். அவன்தான் என்னை அடையாளம் கண்டான். நான் படிவத்தைப் பற்றி ஏதும் சொல்வானோ என்று நெஞ்சு படபடக்க நின்றேன். "நீங்கதானே பந்துக்குக் காத்தடிக்கப் பம்ப் கொண்டுவந்து தந்த அக்கா?" என்றான். எனக்கு அப்படி ஒன்று செய்த ஞாபகமே இல்லை. பிட்டு வைத்த பேணியைக் கேட்டேன். அந்தப் பெத்தாவின் செத்தவீட்டுக்குப் போய்க் கொள்ளிக்குடம் தூக்கினதே தான்தான் என்றான்.

நேற்று மச்சாள் பேணியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பாண் இல்லை. இரண்டு சொக்கிலேட், ஒரு சார்ஜர், மடித்த பேப்பர் ஒன்று. பேப்பரைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். "விசராகா உனக்கு?" என்றாள். பிறகு ஏதோ சொல்ல வந்தவள், பின்னால் பையனின் குரல் கேட்டு, சோறு பரிமாறவேணும், மற்றவனும் வந்திருக்கிறான், கொச்சிக்காய்ச் சம்பல் காணாதாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.